மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்டபோது

போன மாதம் எங்கள் தாமான் குடியிருப்பில் பக்கத்து வீட்டு அண்ணன் ஹெர்னியா அறுவைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். மறுநாள் வார்டில் சேர வேண்டும். "டாக்டரிடம் எல்லாம் சொல்லிவிட்டீர்களா?" என்று கேட்டேன். "சுகர் மாத்திரை சாப்பிடுறேன்னு சொல்லிட்டேன் தம்பி, வேற என்ன இருக்கு?" என்றார். அவர் தன் செம்பனைத் துண்டு நிலத்திலும் மற்றவர்கள் நிலத்திலும் கூலிக்குப் பூச்சி மருந்து அடிக்கிறவர். அவரை அப்படியே வாசல் திண்ணையில் உட்காரவைத்து அரை மணி நேரம் பேசினேன். அன்று பேசியதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். 2018இல் எனக்கு இதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்காரன். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினார், அம்மா மருந்து அடிக்கும் கூட்டத்தில் வேலை செய்தார். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், நம் பேச்சில் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் கொடுப்பதும் மருந்துதான், தோளில் பம்பு மாட்டிக்கொண்டு அடிப்பதும் மருந்துதான். மலாய்க்காரர் முதலாவதை உபாட் என்பார், இரண்டாவதை ராச்சுன், விஷம் என்று பிரித்துச் சொல்வார். நாம் இரண்டையும் ஒரே சொல்லுக்குள் போட்டுவிட்டோம். ஆனாலும் ஆஸ்பத்திரியில் யாராவது மருந்து என்று வாயெடுத்தால் நம் நினைப்பு மாத்திரைக்குத்தான் போகிறதே தவிர பம்புக்குப் போவதில்லை.

தோட்டம் கைமாறி லயத்தைக் காலி செய்த பிறகு, ஊரோரம் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துப் பயிற்றங்காயும் கத்தரியும் போட்டு வருகிறேன். 2018 தீபாவளி நவம்பர் 6. அதற்கு முந்திய மாதம் முழுவதும் எங்கள் பக்கம் சாயந்தரமானால் மழை. காலையில் அடித்த மருந்தை மழை கழுவிவிடும். காயில் புழு விழுந்துவிட்டது, தீபாவளிச் சந்தையை விட்டால் அந்த விலை கிடைக்காது. அதனால் வாரம் ஒரு தடவை அடிக்க வேண்டியதை மூன்று நாளுக்கு ஒரு தடவை அடித்தேன். அப்போது எங்கள் பக்கம் பலரும் வாங்கிய குளோர்பைரிபோஸ் என்ற பூச்சி மருந்துதான். கையுறை கிடையாது, முகத்தில் ஒரு துண்டு. பம்பின் முனை அடைத்துக்கொண்டால் கழற்றி வாயில் வைத்து ஊதுவேன். அப்பா அம்மா ஊதியதைப் பார்த்துப் பழகியது. ஊதி முடித்ததும் நாக்கின் ஓரத்தில் எண்ணெய்க் கசப்பு நிற்கும். துப்பிவிட்டுப் பம்பைத் தோளில் போடுவேன். மூடி வழியாக ஒழுகி முதுகுச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருக்கும், அதோடேயே கொப்பிக் கடையில் போய் உட்காருவேன்.

தீபாவளி முடிந்து இரண்டாம் வாரம், வெள்ளிக்கிழமை இரவு வயிற்று வலி வந்தது. தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து, விடிவதற்குள் வலது அடிவயிற்றில் வந்து நின்றுகொண்டது. மனைவி மகளின் பிரசவத்துக்காகக் கூலிமில் இருந்தாள். ஊர் கிளினிக்கில் டாக்டர் அழுத்திப் பார்த்து, குடல்வால், தாமதிக்காதீர்கள் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். அரசாங்க மருத்துவமனையில் காத்திருக்க நேரும் என்று பயந்து, வாடகைக் கார் பிடித்து ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். முன்பணம் 5,000 மலேசிய வெள்ளி. தீபாவளிக் காய் விற்ற காசு அதோடு சரி. மனைவிக்குப் போன் போட்டு, "சின்ன ஆபரேஷன்தான், நீ பிள்ளையை விட்டு வராதே" என்றேன். அங்கேதான் முதல் தப்பு செய்தேன். வலியில் இருப்பவனுக்குப் பாதி விஷயம் ஞாபகம் வராது. அவள் பக்கத்தில் இருந்திருந்தால் நான் விட்டதைச் சொல்லியிருப்பாள். யாரும் வர முடியாவிட்டால் போனிலாவது வீட்டு ஆளை டாக்டரோடு பேச வையுங்கள், ஐந்து நிமிடம் போதும்.

வார்டில் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், ஒரு பாரத்தோடு வந்தார். "அங்கிள், மக்கான் உபாட் ஆடா? டாரா திங்கி, கென்சிங் மானிஸ்?" மருந்து சாப்பிடுகிறீர்களா என்கிறார். இரத்த அழுத்தம், சர்க்கரை எதற்கும் மாத்திரை இல்லையே, "தடா", இல்லை என்றேன். ஒவ்வாமை உண்டா, பல்செட் உண்டா, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டுக் கேட்டுக் கட்டத்தில் குறி போட்டார். என்ன வேலை என்ற கட்டத்தில் 'பெர்னியாகா', வியாபாரம் என்று எழுதினார். நானும் சந்தையில் காய் விற்கிறவன்தானே, பொய் இல்லை. பிறகு மயக்க மருந்து டாக்டர் வந்தார், சீனப் பெண்மணி, நாற்பது வயதிருக்கும். வாயைத் திறக்கச் சொன்னார், கழுத்தை நிமிர்த்திப் பார்த்தார். குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் பிரச்சினை வந்ததுண்டா என்று மலாயில் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

இங்கேதான் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் அக்காவுக்குக் கடைசிப் பிள்ளை வயிற்றைக் கிழித்துப் பிறந்தது. அறுவை முடிந்தும் அவர் வெகு நேரம் எழவில்லை, மூச்சை மிஷின்தான் விட்டது, மாமா தலையில் அடித்துக்கொண்டு அழுதார், மறுநாள்தான் அத்தை கண் விழித்தார். எங்கள் வீட்டு விசேஷங்களில் நூறு தடவை சொல்லியிருப்பார்கள். முனியாண்டி சாமிக்கு நேர்ந்துகொண்டதால் பிழைத்தாள் என்று முடிப்பார்கள். நாங்கள் அதைச் சாமி கதையாகவே கேட்டு வளர்ந்தோம். டாக்டர் நேருக்கு நேர் கேட்ட கேள்விக்குப் பதில் என் குடும்பத்திலேயே இருந்தது, எனக்கு அது பதிலாகத் தோன்றவில்லை. உங்கள் வீட்டிலும் "அவருக்கு மயக்கம் தெளியவே நேரமாச்சு", "ஆபரேஷன் மேசையிலேயே காய்ச்சல் எகிறிப் போயிட்டார்" என்று பழைய கதை இருக்கும். தெளிய நேரமானதும் காய்ச்சல் ஏறியதும் வேறு வேறு கோளாறுகள், இரண்டும் பரம்பரையில் வரக்கூடியவை. அம்மா அத்தை பெரியப்பா உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மயக்க மருந்து என்றால் ஏதோ ஒரே ஊசி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நான்கைந்து மருந்துகள் சேர்ந்த வேலை அது. பிற்பாடு அந்த டாக்டர் எனக்குக் காகிதத்தில் வரைந்து காட்டியதையும், அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன். முதலில் வலிக்கு ஃபெண்டனில். மார்பினைப் போல 100 மடங்கு வீரியம், அதனால் மைக்ரோகிராம் கணக்கில்தான் போடுகிறார்கள். அடுத்து புரோபோஃபால், தூங்க வைப்பது. பால் போல வெள்ளையாக இருக்கும். அது தண்ணீரில் கரையாத சரக்கு, சோயா எண்ணெயிலும் முட்டை லெசித்தினிலும் கடைந்து கொடுப்பதால் அந்த நிறம். கை நரம்பில் சுருசுருவென்று எரிந்துகொண்டு ஏறும். அரை நிமிடம், ஒரு நிமிடத்துக்குள் ஆள் போய்விடுவார். மூளையில் காபா என்று, நரம்புகளை அடக்கி வைக்கும் பொருள் ஒன்று இயல்பாகவே இருக்கிறது. புரோபோஃபால் அதன் கையை ஓங்க வைக்கிறது. ஆனால் ஒரு ஊசிக்கு ஐந்து பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. மருந்து அழிந்துபோவதால் அல்ல, இரத்த ஓட்டம் அதிகமுள்ள மூளைக்கு முதலில் போனது பிறகு சதைக்கும் கொழுப்புக்கும் பரவிப் போய்விடுவதால் விழிப்பு வந்துவிடும். அதனால் தூக்கத்தை நீட்டிக்கக் காற்றோடு கலந்து செவோஃப்ளூரேன் கொடுக்கிறார்கள். அது மூச்சோடு உள்ளே போய் மூச்சோடு வெளியே வருகிறது, உடம்பு உடைப்பது நூற்றுக்கு ஐந்து பங்குகூட வராது.

என்னைப் படுத்தியது இவை எதுவும் இல்லை. சக்ஸமெத்தோனியம் என்று ஒரு மருந்து, 1951இலிருந்து அறுவை அறைகளில் இருக்கிறது. தூங்க வைக்காது, வலியைக் குறைக்காது. தசையைத் தளர்த்துவது மட்டும்தான் அதன் வேலை. குடல்வால் அழற்சியில் வயிறு காலியாக இருக்கும் என்று நம்ப முடியாது. மயங்கிய நிலையில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால் ஒரு நிமிடத்துக்குள் தொண்டை தளர்ந்து மூச்சுக்குழாயில் டியூப் இறங்கியாக வேண்டும். அந்த அவசரத்துக்கு ஏற்ற மருந்து அது. நரம்பின் நுனியில் அசிட்டைல்கோலின் சுரந்துதான் தசை அசைகிறது. இந்த மருந்தின் உருவம் இரண்டு அசிட்டைல்கோலினை ஒட்ட வைத்தது போல. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறோம். அதே பெயரை நிறுத்தாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் எங்கே நகர்வது? தசை முதலில் சிலிர்த்துத் துடிக்கும், பிறகு எந்த உத்தரவுக்கும் அசையாமல் தொய்ந்து கிடக்கும். மூச்சு விடும் தசையும் அதில் சேர்த்திதான்.

சாதாரணமாக இது ஐந்து பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். காரணம், நம் இரத்தத்தில் ஓடும் ஒரு நொதி. பியூட்டைரைல்கோலினெஸ்டரேஸ் என்று பெயர், கல்லீரல் செய்வது. ஊசியில் போட்ட மருந்தில் பத்தில் ஒரு பங்குதான் தசைவரை போய்ச் சேருகிறது, மீதியை இந்த நொதி வழியிலேயே அறுத்துப் போட்டுவிடுகிறது. நொதி குறைந்தவனுக்கு இரண்டு பக்கமும் அடி: தசைக்குப் போகும் மருந்தும் கூடும், போனது தீரவும் தீராது. குளோர்பைரிபோஸ் இனத்துப் பூச்சி மருந்துகள் புழுவைக் கொல்வது அதன் கோலினெஸ்டரேஸைக் கட்டிப் போட்டுத்தான். நம் உடம்பில் இருக்கும் இந்த நொதியையும் அதே போலத்தான் கட்டுகின்றன. நான் ஒரு மாதமாகத் தோலிலும் வாயிலும் வாங்கிக்கொண்டது அதைத்தான்.

அறுவை ஐம்பது நிமிடத்தில் முடிந்துவிட்டதாம். காற்று மருந்தை நிறுத்திவிட்டு என் மூச்சு திரும்பக் காத்திருந்திருக்கிறார்கள். செவோஃப்ளூரேன் போகும் வழியில் போய்விட்டது. சக்ஸமெத்தோனியத்துக்குப் போகும் வழி அடைத்திருந்தது. எனக்கு முதலில் திரும்பியது காது. கையைக் கட்டியிருந்த பிரஷர் பட்டை உர்ரென்று இறுகுவது கேட்டது, பிறகு அது இறுகுவது தெரிந்தது. யாரோ பேனாவை டிக் டிக் என்று அழுத்திக்கொண்டிருந்தார்கள். "பெலும் லாகி", இன்னும் இல்லை என்று ஓர் ஆண் குரல். முடிந்துவிட்டது போல, கண்ணைத் திறக்கலாம் என்று நினைத்தேன். இமை வரவில்லை. பட்டை போட்டு ஒட்டியிருந்தார்கள், அது எனக்குத் தெரியாது. விரலை அசைத்தேன், அசைத்ததாக நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. தொண்டைக்குள் ஏதோ தடியாக இருந்தது, இரும வேண்டும், இருமலும் வரவில்லை. மூச்சை இழுத்தேன், நெஞ்சு என் பேச்சைக் கேட்கவில்லை. அது தானாகத் தூக்கியது, தானாக இறங்கியது. வயிற்றில் கீறிய இடம் மெல்லச் சூடாக எரிய ஆரம்பித்தது. நான் செத்துவிட்டேன், இவர்களுக்கு இன்னும் தெரியவில்லை என்று உறுதியாக நம்பினேன். பேரனின் முகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. போனில் படம்தான் அனுப்பியிருந்தார்கள். அந்தப் படத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழெட்டு நிமிடம்தான் என்று பிற்பாடு சொன்னார்கள். என் நாடி 130க்கு மேல் போனதைப் பார்த்து மயக்க மருந்து டாக்டரம்மா சந்தேகப்பட்டிருக்கிறார். மணிக்கட்டில் ஏதோ சுரீர் சுரீர் என்று மின்சாரம் தட்டியது. நரம்பைத் தட்டித் தசை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கருவி. பதில் இல்லை. உடனே என் காதருகே குனிந்து, மெதுவாக மலாயில் பேசினார்: "உங்களுக்குக் கேட்கிறது என்று நினைத்துப் பேசுகிறேன். ஆபரேஷன் முடிந்துவிட்டது. தசை மருந்து தெளியவில்லை, அவ்வளவுதான். மிஷின் உங்களுக்காக மூச்சு விடுகிறது. மறுபடி தூங்க வைக்கிறேன், பயப்படாதீர்கள்." கை எரிந்தது, வெள்ளை மருந்து. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது. அந்த நான்கைந்து வாக்கியத்துக்காக அவருக்கு நான் வாழ்நாள் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். பேசாமலேயே தூங்க வைத்திருந்தால், செத்துவிட்டேன் என்ற நினைப்போடுதான் நான் மறுபடி இருட்டுக்குள் போயிருப்பேன்.

மொத்தம் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைய தசை திரும்பவில்லை. இதற்கு முறிப்பு மருந்து போட்டு எழுப்ப முடியாதாம். மற்ற தசைத் தளர்த்திகளுக்குக் கொடுக்கும் நியோஸ்டிக்மின் இந்த நொதியையே மேலும் அடக்கும் என்பதால் இங்கே கெடுதலாகக்கூட முடியலாம். தூங்க வைத்து, மிஷினில் மூச்சு விட வைத்து, காத்திருப்பதுதான் வைத்தியம். அன்றிரவு தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தேன். மறுநாள் உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி, கழுத்திலிருந்து தொடைவரை. உர மூட்டை சுமந்தவனுக்கு வரும் வலி போல. அந்த மருந்து தசையைத் துடிக்க வைப்பதால் இந்த வலி பலருக்கும் வருவதுதான், இரண்டு மூன்று நாளில் போய்விட்டது.

மயக்க மருந்து டாக்டர் மறுநாள் காலை வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று முதல் கேள்வி. காய் வியாபாரம் என்றேன். காயை எங்கே வாங்குகிறீர்கள்? வாங்குவதில்லை, நானே போடுகிறேன். "ராச்சுன் செம்பூர்?" அடிப்பீர்களா என்று கேட்டு, நான் ஆமாம் என்றதும் கையிலிருந்த காகிதத்தை மடியில் வைத்துவிட்டார். கடைசியாக எப்போது, என்ன மருந்து, கையுறை உண்டா என்று வரிசையாகக் கேட்டார். பம்பு முனையை வாயால் ஊதியதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு அத்தை ஞாபகம் வந்தது. சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

இரத்தம் எடுத்தார்கள். நொதி எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கணக்கு, அது எந்த வகை என்பது இன்னொரு கணக்கு. இரண்டாவதற்கு டிபுகெய்ன் எண் என்று பெயர், 1957இல் வெர்னர் கேலோ என்பவர் கண்டறிந்த முறை. டிபுகெய்ன் என்பது மரத்துப்போக வைக்கும் மருந்து. அதைச் சேர்த்தால் நல்ல வகை நொதி 80 சதவீதம் போல அடங்கிவிடும், பரம்பரையில் மாறிய வகை 20 சதவீதம்தான் அடங்கும். அப்பா அம்மா இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்தவருக்கு எண் 20 பக்கம் வரும், ஒருவரிடமிருந்து மட்டும் வந்தவருக்கு நடுவில் நிற்கும். எனக்கு 61. நொதியின் அளவோ தரைமட்டம். வயலுக்குப் போகாமல் பத்து வாரம் இருந்துவிட்டு மறுபடி பார்த்தபோது அளவு ஏறியிருந்தது, எண் அப்படியே இருந்தது. பாதி பரம்பரை, பாதி பம்பு என்று டாக்டர் முடிவு சொன்னார். பரம்பரை மட்டும் என்றால் எனக்குச் சில நிமிடம் கூடுதலாகியிருக்கும், யாரும் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள். அத்தைக்கும் ஏறக்குறைய இதே கதையாக இருந்திருக்கும். கர்ப்பத்தில் இந்த நொதி இயல்பாகவே குறையும், அவரும் தோட்டத்தில் மருந்து அடித்தவர்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். அறுவைக்கு 11,000 வெள்ளி ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு, கூடுதல் நாள், பரிசோதனை எல்லாம் சேர்த்து 17,400 வந்தது. எனக்கு மெடிக்கல் கார்டு கிடையாது. மனைவி கூலிமிலிருந்து ஓடி வந்து தன் சங்கிலியை அடகுக் கடையில் வைத்தாள், மூட்டெடுக்க ஒன்றரை வருடமானது. பத்து வாரம் வயலுக்குப் போகாததில் கத்தரி முழுவதும் போயிற்று. காசைவிடத் தூக்கம் போனதுதான் பெரிய நஷ்டம். மல்லாந்து படுத்தால் உடனே நெஞ்சு இறுகும். விளக்கை அணைக்க விடமாட்டேன். நடு இரவில் எழுந்து விரல் ஒவ்வொன்றாக மடக்கிப் பார்ப்பேன். நாலு மாதம் யாரிடமும் சொல்லவில்லை, ஆம்பிளை இதற்குப் போய் அழுவதா என்று நினைத்தேன். பிறகு அரசாங்க கிளினிக்கில் ஆலோசகரிடம் அனுப்பினார்கள், ஆறு தடவை போனேன், விளக்கை அணைக்க முடிந்தது. மயக்கத்தில் ஏதாவது கேட்டது, உணர்ந்தது என்று ஞாபகம் இருந்தால் வெட்கப்படாமல் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பிரமை என்று யாராவது தள்ளினால் மயக்க மருந்து டாக்டரையே பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். இதைப் படித்துவிட்டு அறுவைக்கே பயப்பட வேண்டியதும் இல்லை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் எடுத்த பெரிய கணக்கு 2014இல் வந்தது, இப்படி நினைவு வந்ததாகச் சொன்னவர்கள் சுமார் 19,000 மயக்கத்துக்கு ஒருவர்தான். அதிலும் தசை தளர்த்தும் மருந்து கொடுத்தவர்களுக்குத்தான் இது அதிகம்.

இப்போது நான் யாருக்குச் சொன்னாலும் இப்படித்தான் சொல்கிறேன். உபாட் உண்டா என்று கேட்டால் மாத்திரையோடு நிறுத்தாதீர்கள். என்ன அடிக்கிறீர்கள், கடைசியாக எந்தத் தேதியில் அடித்தீர்கள் என்று சேர்த்துச் சொல்லுங்கள், டின்னில் ஒட்டியிருக்கும் பெயரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். குளோர்பைரிபோஸை மலேசியாவில் 2023 மே 1 முதல் தடை செய்துவிட்டார்கள், ஆனால் மாலத்தியான், டைமெத்தோயேட் எல்லாம் அதே இனம்தான், கார்பமேட் வகையும் இதே நொதியைத்தான் தொடும். புல்லுக்கு அடிக்கும் கிளைபோசேட் இந்த வழியில் வேலை செய்வதில்லை, இருந்தாலும் சொல்லிவிடுங்கள், பிரித்துப் பார்ப்பது டாக்டரின் வேலை. ஆஸ்துமாவுக்கு பம்பியூடெரால் என்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் இந்த நொதி அடங்கியிருக்கும். கள்ளு, சம்சு, பீர் எவ்வளவு என்பதையும் மறைக்காதீர்கள். நாள்தோறும் குடிப்பவருக்கு வழக்கமான அளவு போதாமல் போகலாம், கல்லீரல் கெட்டிருந்தால் மருந்து தங்கியும் போகலாம். ஊர்க்காரர் மிஸ்ஸியாக இருக்கிறாரே, வெளியே சொல்லிவிடுவாரோ என்று என் நண்பன் ஒருவன் மறைத்தான். அப்படித் தோன்றினால் டாக்டரோடு தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள், தப்பே இல்லை. ஜாமு, நாட்டு மருந்து, சீன மருந்துக் கடையில் வாங்கியது, எல்லாம் சொல்ல வேண்டியவைதான்.

அவசரம் இல்லாத அறுவை என்றால் தேதியைத் தள்ளிப் போட்டு, சில வாரம் மருந்து அடிப்பதை நிறுத்த முடியுமா என்று கேளுங்கள். நொதி திரும்ப ஊற வாரக்கணக்கில் ஆகும். அவசரம் என்றாலும் வழி இருக்கிறது: ரோகுரோனியம் என்ற வேறு மருந்தும் ஒரு நிமிடத்தில் தசையைத் தளர்த்தும், சுகாமடெக்ஸ் என்ற முறிப்பு அதற்கு உண்டு. டாக்டருக்கு முன்கூட்டியே தெரிந்தால் போதும். என் அடையாள அட்டையான ஐசிக்குப் பின்னால் இப்போது ஒரு சின்ன அட்டை இருக்கிறது, மலாயிலும் ஆங்கிலத்திலும்: சக்ஸமெத்தோனியம் வேண்டாம், மிவாகுரியம் வேண்டாம். இரண்டாவதையும் உடைப்பது அதே நொதிதான். மனைவி போனிலும் மகள் போனிலும் அதன் படம் உண்டு.

குடும்பத்தில் எல்லோரையும் பரிசோதிக்கச் சொன்னார்கள். தம்பிக்கு 80, பிரச்சினை இல்லை. அத்தை மகனுக்கு என்னைப் போலவே நடுவில். தென்னிந்தியாவில் ஆரிய வைசியர் சமூகத்தில் இந்தக் குறை கூடுதல் என்று ஆய்வுகள் இருக்கின்றன. நாங்கள் அந்தச் சமூகம் இல்லை, எங்களுக்கும் இருக்கத்தான் இருக்கிறது. அக்கா மட்டும் இரத்தம் கொடுக்க மறுத்துவிட்டார். அப்போது அவர் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள், குடும்பத்தில் குறை என்று பேச்சு வரும் என்ற பயம். இது வியாதியே இல்லை அக்கா, இந்த இரண்டு ஊசி படாதவரை ஆயுசுக்கும் ஒன்றும் வராது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை.

அக்கா மகளுக்குக் கல்யாணமாகி, போன வருடம் தைப்பிங்கில் பிரசவம். பிள்ளை திரும்பவில்லை, வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்று இரவு பத்து மணிக்கு முடிவாகியிருக்கிறது. அவளே எனக்குப் போன் போட்டாள். "மாமா, உங்க அட்டை படத்தை அனுப்புங்க, இங்க பாரத்தில கேக்குறாங்க." அனுப்பினேன். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றாள். முதுகில் ஊசி போட்டுத்தான் செய்தார்கள். ஒருவேளை முழு மயக்கம் கொடுக்க நேர்ந்தால் என்று மயக்க மருந்து டாக்டர் அவள் கோப்பின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, அந்த மருந்தின் பெயரை எழுதி அதன் மேல் கோடு கிழித்தாராம். பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ. அக்கா இன்னும் இரத்தம் கொடுக்கவில்லை, நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.